உடங்காடும் பள்ளிக்கூடக் கக்கூஸும்

1842ல் போப் ஐயர் வந்த காலந்தொட்டு நம்ம சாயர்புரம் பள்ளிக்கூட ஊர்தான். இங்கே படித்தவர்களைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஒண்ணுக்கு, ரெண்டுக்கு எங்கே போனார்கள் என்று யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. எழுதக் கூச்சமான விஷயம்தான். ஆனால் இதை வாசிக்கிற பலரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள், அதனால் எழுதுகிறேன்.

ஏழெட்டு வயதிலும் பாயை நனைக்கிற பிள்ளையும், ஜட்டியில் மலம் கசிகிற பிள்ளையும் எல்லாக் காலத்திலும் உண்டு. ரோமாபுரிப் பிளினி, பாய் நனைக்கிற பிள்ளைக்கு வேகவைத்த எலியைத் தின்னக் கொடுக்கும் வைத்தியத்தை எழுதி வைத்திருக்கிறார். 1904ல் பவுண்ட்லர் என்ற மருத்துவர், படுக்கை நனைந்தால் மணி அடிக்கும்படி ஒரு கருவி செய்தார். நர்சுகள் துணி மாற்றத்தான் அந்த மணி. ஆனால் நாளடைவில் பிள்ளைகளே நனைப்பதை நிறுத்திவிட்டார்கள்! 1938ல் அமெரிக்காவின் மவுரர் தம்பதி அதையே சிகிச்சையாக்கினார்கள். இன்றும் அந்த மணி உண்டு.

மலம் கசிவதற்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. 1926ல்தான் வைசன்பெர்க் என்பவர் அதற்கு ஒரு மருத்துவப் பெயரே வைத்தார். அதன் பிறகும் வெகுகாலம் பிள்ளையின் வீம்பு, தாயின் வளர்ப்பு என்றே பேசினார்கள். உண்மையில் இப்படிப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இருப்பது மலச்சிக்கல். ஒருமுறை வலியோடு போன பிள்ளை மறுமுறை அடக்கும். அடக்க அடக்க மலம் இறுகி, குடல் விரிந்து, வருகிற உணர்ச்சியே மரத்துப்போகும். அடைத்த வாய்க்காலில் ஓரமாகத் தண்ணீர் கசிகிற மாதிரி, இளகின மலம் பக்கவாட்டில் வழியும். பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் வயிற்றுப்போக்கு என்று நினைத்து, கட்டுகிற மருந்தைக் கொடுப்பார்கள். நிலைமை இன்னும் மோசமாகும். நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் பாயும் நனையும்.

நான் வேலை பார்த்த வெளியூர்ப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன். நாற்றம் என்று கடைசியில் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். பட்டப்பெயர் வேறு. அப்பா பெல்ட்டால் அடிப்பார். கடைசியில் ஒரு டாக்டர் அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவனை எதுக்குய்யா அடிச்சீரு? உள்ள கல்லு மாதிரி கெடக்கு" என்றார். பையன் அன்றுதான் வாய்விட்டு அழுதான்.

அவன் அடக்கியதற்குக் காரணம் பள்ளிக் கக்கூஸ். தண்ணீர் கிடையாது, கதவில் தாழ்ப்பாள் கிடையாது. நம்ம காலத்தில் கக்கூஸே இல்லை, மணி அடித்ததும் பையன்கள் உடங்காட்டுக்கு ஓடுவோம். பொம்பளைப் பிள்ளைகள் பாவம், தண்ணீர்கூடக் குடிக்காமல் சாயங்காலம்வரை அடக்குவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருதரம் வீட்டில் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கி, ரசஞ்சோறு போடுவார்கள். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, அது இதற்கு வைத்தியமும் இல்லை.

2009ன் கல்வி உரிமைச் சட்டம் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்றது. 2012ல் உச்ச நீதிமன்றம் ஆறு மாதக் கெடு வைத்தது. 2014 சுதந்திர தினத்தன்று பிரதமர் ஒரு வருடத்தில் எல்லாப் பள்ளிகளிலும் என்றார். கட்டடம் நிறைய வந்தது. தண்ணீர், கழுவ ஆள், பூட்டின சாவி யார் கையில் என்பதெல்லாம் வேறு கதை. 2019ல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க மணி அடித்தார்கள். நல்ல காரியம். குடித்த பிள்ளையை வெளியே விடவும் வேண்டுமே!

வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மலம் இளக்கும் மருந்தை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும், நடுவில் நிறுத்தக்கூடாது. சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், ஆகவே காலைச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து, பத்து நிமிடம் உட்கார வைக்கலாம். வெஸ்டர்ன் கக்கூஸில் சின்னப் பிள்ளைக்குக் கால் தொங்கும், முக்க வராது. காலுக்கு அடியில் பழைய உட்காரும் மணை ஒன்றைப் போட்டால் போதும்.