பகுபடாத் துகளும் பாடநூலின் நேர்மையும்

குன்னத்தூர் வட்டாரத்தில் பனியன் தொழிலை அறியாத இல்லம் அரிது. வெட்டி எஞ்சிய துணித்துண்டைப் பிரித்தால் நூல் வருகிறது. நூலின் முறுக்கைத் தளர்த்தினால் பஞ்சிழை வருகிறது. இழையையும் பகுத்துக்கொண்டே சென்றால் எங்கே நிற்போம்? கரி, ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் அணுக்களில் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நாம் விடை கூறலாம். ஆனால் மாலையில் மக்தபுக்கு வரும் பிள்ளை மேலும் வினவுகிறது: "உஸ்தாத், குர்ஆன் கூறும் 'தர்ரா' இந்த அணுதானே?" ஆம் என்றுரைத்துவிடுவது எளிது. சொல்லின் வரலாறோ வேறு.

ஸூரத்துஸ் ஸில்ஸாலில் (99:7-8) நன்மை தீமைகளின் அளவைக் குறிக்க வரும் இச்சொல்லுக்குச் சிற்றெறும்பு என்றும், வெயிற்கதிரில் மிதக்கும் தூசு என்றும் முன்னோர் பொருளுரைத்தனர். அறிவியல் கூறும் அணுவுக்கு அதனைப் பெயராக்கியது பிற்கால அரபு வழக்காகும். பொருளின் இறுதிக்கூற்றை ஆய்ந்த கலாம் அறிஞர்கள் ஆண்ட பெயர் 'அல்ஜவ்ஹருல் ஃபர்து'. அதாவது, மேலும் பகுபடாத தனிக்கூறு.

ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவின் முஃதஸிலா அறிஞர் அபுல் ஹுதைல் அல்அல்லாஃப் இக்கொள்கையை வகுத்தார். அவர்தம் மாணவர் நள்ளாம் அதனை மறுத்தார். பின்வந்த அஷ்அரி அறிஞர்கள், உலகம் படைக்கப்பட்டது என்பதை நிறுவ அக்கொள்கையையே கைக்கொண்டனர். இப்னு ஸீனா (இறப்பு 1037) எதிர்த்தார்.

இவ்விவாதம் நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் 'ஷரஹுல் அகாயித்' நூலில் இன்றும் உள்ளது. பதினான்காம் நூற்றாண்டில் அதனை இயற்றிய தஃப்தாஸானீ (ரஹ்), புகழ்பெற்ற ஒரு சான்றை எடுத்துரைக்கிறார்: பொருள்கள் யாவும் முடிவின்றிப் பகுபடுமாயின், இரண்டின் கூறுகளும் எண்ணிறந்தனவாகி, கடுகு மலையினும் சிறிதாகாது. அடுத்து அவர் செய்வதே நம் கவனத்திற்குரியது. தம் தரப்பின் இச்சான்று வலுவற்றது என்று அவரே எழுதுகிறார். எதிர்த்தரப்பின் சான்றுகளும் குறையற்றவை அல்ல என்கிறார். ஆதலின் இமாம் ராஸீ (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 606) இதில் முடிவு கூறாது நிற்பதையே விரும்பினார் என்றும் பதிவு செய்கிறார்.

தனிமங்கள் இணையும் எடை விகிதங்களிலிருந்து 1808-இல் டால்டன் முன்வைத்த அணு வேறு வகையினது. முன்னோர் தர்க்கத்தால் தேடினர். இவர்கள் தராசால் தேடினர். டால்டன் பகுக்கவியலாது என்றெண்ணிய அணுவினுள்ளும் 1897-இல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டார். 1911-இல் ரூதர்ஃபோர்டு அணுக்கருவை நிறுவினார். அன்றைய அறிவியலோடு இறைவசனத்தை முடிச்சிட்டவர், அறிவியல் திருத்தப்படுந்தோறும் அம்முடிச்சை அவிழ்க்க நேரும். வசனத்தின் கருத்தோ அறிவியலை எதிர்நோக்கி நிற்பதன்று: தூசளவு நற்செயலும் வீணாகாது என்பதே அது.

எனவே அப்பிள்ளைக்கு நாம் கூறத்தக்க விடை இதுவே: "உன் பாடநூலின் அணு வேறு, குர்ஆனின் தர்ரா வேறு, இரண்டையும் அதனதன் இடத்தில் கற்றுக்கொள்." தம் தரப்பின் சான்றையே வலுவற்றது என்றெழுதத் துணிந்த ஆசிரியரின் நூலை ஓதி வந்த நமக்கு, இவ்வளவு கூறவும் துணிவு வேண்டாமா?