நொண்டி நாடகத் தலைவனும் எதிர்மனை அழுகையும்

அவிநாசியின் பழம்பெயர் திருப்புக்கொளியூர். சுந்தரர் அவ்வூர்த் தெருவழியே செல்லுங்கால், ஒரு மனையில் பூணூல் மங்கல ஒலியும் எதிர்மனையில் அழுகை ஒலியும் ஒருங்கெழக் கேட்டார். அழுகையின் காரணத்தை வினவியறிந்து, முதலை விழுங்கிய சிறுவனைப் பதிகம் பாடி மீட்டார். இது வெள்ளானைச் சருக்கத்திற் சேக்கிழார் உரைக்கும் செய்தி. இழந்தது மீளும் இவ்வரலாற்றை உளத்திற்கொண்டு நொண்டி நாடகங்களைப் பயில்வார்க்கு, அவை வினவாது விட்ட அழுகை ஒன்று புலனாகும். அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

17ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு வழங்கிய இச்சிற்றிலக்கியத்தில், ஒற்றைக்காலன் ஒருவன் ஆடிப்பாடித் தன் கதையைத் தானே சிந்தில் உரைக்கின்றான். களவிற் பழகியவன், தாசியிடம் பொருளெல்லாம் இழக்கின்றான், மீண்டும் பொருள் வேண்டிக் குதிரை திருடப் புகுந்து அகப்பட்டு உறுப்பிழக்கின்றான், முடிவில் இறையருளால் அவற்றைப் பெறுகின்றான். திருச்செந்தூர் நொண்டி நாடகத்தில் அவ்வருள் முருகனது. கீழக்கரை வள்ளலைப் போற்றும் சீதக்காதி நொண்டி நாடகத்திலோ தலைவன் மக்கா சென்று நலம் பெறுகின்றான். சமயம் மாறினும் கதை மாறவில்லை.

இவனைத் தீயொழுக்கத்திற்கு எடுத்துக்காட்டு எனக் கூறி அமைவது எளிது. ஆயின் அவன் திருடப் புகுந்தது ஏன் குதிரையை? படையும் பாளையமும் நாட்டை ஆட்டிவைத்த அக்காலத்தில் குதிரையே வலிமை, குதிரையே பெரும்பொருள். உழவனுக்கு எட்டாத அச்செல்வம் பாசறையிற் கட்டிக் கிடந்தது. அதன்மேற் கை வைத்தவனுக்குக் கிடைத்த தண்டம் கையும் காலும் வெட்டுண்ணல். அதன்பின் அவன் பிழைக்கும் வழி யாது? அரசு தந்த வழி ஒன்றும் இல்லை. வள்ளலின் வாயிலும் இறைவன் சந்நிதியுமே எஞ்சின. உறுப்பு மீளும் அற்புதத்தைப் புலவர் எத்துணை ஆர்வத்தோடு பாடினரோ, அத்துணை அளவிற்கு அவ்வெறுமை நமக்குத் தெரிகின்றது. தலைவனோ யாவற்றையும் தன் வினையென ஏற்று அமைகின்றான். வெட்டிய கையை அவன் நோவதில்லை.

அவன் நோவது தாசியை. இங்குத்தான் இந்நாடகங்களின் குறை பெரிது எனக் கருதுகின்றோம். அவளுடைய பேராசையும் வஞ்சமும் அவன் வாயாலேயே நமக்கு எட்டுகின்றன. தன்வரலாறு கூறும் ஒருவன் ஆட்டமாதலின் அது கூத்தின் அமைப்பால் நேர்ந்தது என்பர், ஓரளவு உண்மையே. எனினும் ஆடவர் தரும் பொருளையன்றி வேறு பிழைப்பறியாத மனை அது என்பதைப் பாவலர் நினைத்தாரில்லை. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணத்திற் சட்டம் விலக்கியதே 1947இல்தான். தலைவனுக்குக் கால் வளர்கின்றது. அவள் கதை அவன் அவள் வாயிலை விட்டு நீங்கியவுடன் முடிந்துவிடுகின்றது. எதிர்மனையில் அழுவார் யாரெனக் கேட்கச் சுந்தரர் அங்கு வரவில்லை.

இந்நொண்டிச் சிந்தையே பிற்காலத்திற் பாரதியார் பாஞ்சாலி சபதத்திற்குப் பெரிதும் எடுத்தாண்டார். அதன் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. அங்கும் பொருளைத் தொலைத்தவன் ஆடவனே, சூதில். ஆனால் அவையின் நடுவே நின்று வழக்குரைப்பவள் பெண்.