ஹெஸ்பெரோசையன்

ஹெஸ்பெரோசையன் என்பது நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த, அற்றுப்போன ஒரு பாலூட்டிப் பேரினம் ஆகும். இது இயோசீன் காலத்தின் பிற்பகுதியிலும் ஒலிகோசீன் காலத்தின் முற்பகுதியிலும், ஏறத்தாழ 4 கோடி முதல் 3.1 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, வட அமெரிக்காவில் வாழ்ந்தது. இதுவரை அறியப்பட்டுள்ள நாய்க் குடும்ப விலங்குகளுள் மிகப் பழமையானவற்றில் இதுவும் ஒன்றாகும்.

பெயரும் கண்டுபிடிப்பும்

இப்பெயர் கிரேக்க மொழியில் "மேற்கத்திய நாய்" எனப் பொருள்படும். 1873 இல் எட்வர்ட் டிரிங்கர் கோப் இவ்விலங்கை முதலில் விவரித்தபோது, இன்றைய ஓநாய்களின் பேரினமாகிய கானிஸில் இதனைச் சேர்த்தார். 1890 இல் வில்லியம் பெரிமேன் ஸ்காட் இதற்குத் தனிப் பேரினப் பெயரை வழங்கினார். இதன் புதைபடிவங்கள் ஐக்கிய அமெரிக்காவின் நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா, வயோமிங், கொலராடோ ஆகிய மாநிலங்களிலும் கனடாவின் சாஸ்கச்சுவானிலும் கிடைத்துள்ளன.

உடலமைப்பு

இது சிறிய நரியை ஒத்த அளவுடையது. நீண்ட உடல், குட்டையான கால்கள், நீண்ட வால், ஒவ்வொரு காலிலும் ஐந்து விரல்கள் ஆகியவற்றைக் கொண்டிருந்தது. தோற்றத்தில் இது நாயைவிட மரநாயையே பெரிதும் ஒத்திருந்தது.

நாய் எனக் கொள்வதற்கான சான்றுகள்

தமிழில் மரநாய், நீர்நாய் ஆகிய விலங்குகளின் பெயர்களில் "நாய்" என்னும் சொல் இருப்பினும் அவை நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. மாறாக, மரநாய் போலத் தோன்றிய ஹெஸ்பெரோசையன் அக்குடும்பத்தைச் சேர்ந்தது. வகைப்பாட்டில் வெளித்தோற்றத்தைவிட மண்டையோடும் பற்களுமே முதன்மையான சான்றுகளாகும். நடுக்காதைச் சூழ்ந்த குமிழ் முழுவதும் எலும்பாக மாறியிருப்பதும், அதனுள் சிறு தடுப்பு இருப்பதும் நாய்க் குடும்பத்தின் அடையாளங்களாகும். மேல்தாடையின் மூன்றாம் கடைவாய்ப்பல் இன்றைய நாய்களுக்கு இல்லாதது போலவே இதற்கும் இல்லை.

வகைப்பாடு

நாய்க் குடும்பத்தின் மூன்று துணைக்குடும்பங்களுள் ஒன்று இப்பேரினத்தின் பெயரால் ஹெஸ்பெரோசையனினே என அழைக்கப்படுகிறது. 1994 இல் சியாவோமிங் வாங் இத்துணைக்குடும்பத்தை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். இது ஏறத்தாழ 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போனது. ஓநாய், நரி, செந்நாய் உள்ளிட்ட இன்றைய நாய்க் குடும்ப விலங்குகள் அனைத்தும் கேனினே என்னும் மற்றொரு துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஆசியாவும் இந்தியாவும்

நாய்க் குடும்பம் தனது வரலாற்றின் பெரும்பகுதியில் வட அமெரிக்காவில் மட்டுமே வாழ்ந்தது. ஏறத்தாழ 70 முதல் 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே கேனினே விலங்குகள் பெரிங் நிலப்பாலம் வழியாக ஆசியாவை அடைந்தன. இந்தியாவின் சிவாலிக் குன்றுகளில் கிடைத்த நாய்ப் புதைபடிவங்களைப் பிரமதநாத் போஸ் 1880 இல் விவரித்தார்.

வீட்டு நாய்கள் மிகப் பிற்காலத்தில் ஓநாய்களிலிருந்து தோன்றியவை. ஊர்களின் பெயர்களைத் தாங்கிய சிப்பிப்பாறை, இராஜபாளையம் ஆகிய நாய் வகைகளும் இவ்வழி வந்தவையே.