பங்கு மண்டபத்தில் ஒலித்த சுத்தியல்
(கெஸ்விக் கைத்தொழிற் கலைப் பள்ளியின் நூறாண்டு வரலாறு)

ஒரு நிறுவனத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதைத் தொடங்கியவரின் பெயரையும், அடிக்கல் நாட்டிய ஆண்டையும் குறித்துவிட்டு நிறைவு கொள்கின்றனர். நாள்தோறும் கதவைத் திறந்தவர் யார்? விளக்கேற்றியவர் யார்? ஊதியம் பெற்று உழைத்தவர் யார்? ஊதியம் வேண்டாம் என்று உழைத்தவர் யார்? இவற்றைக் கேட்பார் இல்லை. ஆயினும் ஒரு நிறுவனம் வாழ்வதும் தளர்வதும் இவர்கள் கையில்தான் இருக்கிறது. இதற்கு நல்லதொரு சான்றாக விளங்குவது, இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரிகளும் மலைகளும் சூழ்ந்த கெஸ்விக் என்னும் சிற்றூரில் 1884 முதல் 1984 வரை நடைபெற்ற உலோகக் கலைக்கூடம். அது பிறந்தது ஒரு பங்கு மண்டபத்தில். ஆகவே இம்மலரின் வாசகர்களுக்கு அதன் கதை அந்நியமாகத் தோன்றாது என நம்புகிறோம்.

தோற்றம்

கெஸ்விக் ஊரை அடுத்த கிராஸ்துவெயிட் பங்கிற்கு 1883-ஆம் ஆண்டில் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த ஹார்ட்விக் ராண்ஸ்லி என்பவர் குருவாக வந்து சேர்ந்தார். பிற்காலத்தில், 1895-இல், இயற்கை எழில்மிகு இடங்களையும் பழம்பெரும் கட்டடங்களையும் காக்கும் 'நேஷனல் டிரஸ்ட்' என்னும் அமைப்பை நிறுவிய மூவரில் ஒருவர் இவரே. இவர் பங்கில் கண்ட காட்சி யாது? கோடையில் ஏரிகளைக் காண வெளியூர்ப் பயணிகள் வருவர். ஊரார்க்கு வேலை கிடைக்கும். குளிர்காலம் வந்துவிட்டால் பயணிகள் இல்லை. திசம்பர் மாதத்தில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுவான். நீண்ட இரவு, குறைந்த வருவாய், வெறுங்கை. பொழுதைப் போக்கச் சாராயக் கடையை விட்டால் வேறு இடம் அரிது.

ராண்ஸ்லி ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்த நாளில் ஜான் ரஸ்கின் என்னும் பேரறிஞரின் கருத்துகளில் ஈடுபட்டவர். 1874-இல் ரஸ்கின் தம் மாணவர்களைக் கொண்டு ஹிங்ஸி என்னும் சிற்றூரில் சாலை அமைத்தபோது மண்வெட்டி பிடித்தவர்களுள் இவரும் ஒருவர். இயந்திரம் மனிதனையும் ஓர் உறுப்பாக ஆக்கிவிடுகிறது. கையும் மனமும் சேர்ந்து செய்யும் வேலையே மனிதனுக்கு மகிழ்ச்சி தருகிறது. ரஸ்கின் ஊட்டிய இந்த எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது. எனவே 1884-இல் பங்கு மண்டபத்திலேயே மாலை வகுப்புகள் தொடங்கப்பட்டன. மரச் செதுக்கு வேலையும் செம்புத் தகட்டில் புடைப்பு வேலையும் கற்பிக்கப்பட்டன. கட்டணம் இல்லை. உலோக வகுப்பை நடத்தியவர் குருவின் துணைவியார் ஈடித் ராண்ஸ்லி அம்மையார்.

புடைப்பு வேலை

தஞ்சாவூர்த் தட்டுகளில் தெய்வ உருவங்களும் பூக்களும் மேலெழுந்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். அதே முறைதான் அங்கும். கீலும் பிற பொருள்களும் கலந்து காய்ச்சிய கட்டியின்மேல் செம்புத் தகட்டைப் பதித்து, முதலில் சித்திரத்தின் கோடுகளைச் சிறு உளியால் தட்டிப் பதிப்பர். பின் தகட்டைத் திருப்பி, பின்புறமிருந்து தட்டி உருவத்தை எழச் செய்வர். அடியில் இருக்கும் கட்டி, தகட்டைத் தாங்கவும் வேண்டும், இளகிக் கொடுக்கவும் வேண்டும்.

அடிபட அடிபடச் செம்பு இறுகும். இறுகிய பின்னும் தட்டினால் வெடித்துவிடும். ஆகவே இடையிடையே அதைத் தணலில் மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை காய்ச்சி, நீரில் அமிழ்த்தி, இளக வைத்து, கரி நீங்க அமிலத்தில் கழுவி மீண்டும் தட்ட வேண்டும். பொறுமை அற்றவனுக்கு இவ்வேலை வசப்படாது. கற்பிப்பவரும் ஓரிடத்தில் நின்று சொற்பொழிவு ஆற்ற முடியாது. ஒவ்வொருவர் அருகிலும் சென்று தகட்டைத் தொட்டுப் பார்த்து, இப்போது காய்ச்சு, இப்போது தட்டு என்று சொல்ல வேண்டும். உளிகளின் முனையைத் தீட்டி வைப்பதும், கட்டியை உருக்கி வார்ப்பதும், வகுப்பு முடிந்தபின் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துவதும் எவர் கண்ணிலும் படாத வேலைகள். எந்தப் பட்டறையும் நடப்பது இவ்வேலைகளால்தான்.

தொண்டர்களின் காலம்

கெஸ்விக் வகுப்பு தனித்து எழுந்தது அன்று. அதே 1884-ஆம் ஆண்டில் எக்லன்டைன் லூயிசா ஜெப் என்னும் மாதரசியார் 'இல்லக் கலைகள், கைத்தொழில்கள் சங்கம்' என்ற அமைப்பை இங்கிலாந்தில் உருவாக்கினார். 1919-இல் 'குழந்தைகளைக் காப்போம்' என்ற உலகப் புகழ்பெற்ற நிதியம் தோன்றக் காரணமாயிருந்த எக்லன்டைன் ஜெப் இவருடைய மகளே. கல்வியும் ஓய்வும் உடையோர் ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொண்டு, தம் ஊர் உழைப்பாளிகளுக்கு ஊதியம் பெறாமல் கற்பிப்பது இச்சங்கத்தின் முறை. அவ்வாறு முன்வந்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். செய்த பொருள்கள் ஆண்டுதோறும் கண்காட்சியில் வைக்கப்பட்டன; பின்னாளில் இக்கண்காட்சிகள் இலண்டனின் ஆல்பர்ட் மண்டபத்திலேயே நடைபெற்றன.

பெர்க்‌ஷயர் பகுதியின் யாட்டண்டன் ஊரில் எலிசபெத் வாட்டர்ஹவுஸ் அம்மையார் நடத்திய செம்பு வகுப்பும் இவ்வகையினதே. கார்ன்வால் கடற்கரையில் நியூலின் என்னும் மீனவர் ஊரில் 1890-இல் ஜான் டிரூ மெக்கன்சி என்ற ஓவியர் இதே நோக்கில் ஒரு வகுப்பைத் தொடங்கினார். கடலுக்குப் போக இயலாத நாளில் மீனவர்கள் செம்பில் மீனையும் கப்பலையும் புடைத்து எழுப்பினர். வலை இழுத்த கை உளி பிடித்தபோது, தாம் அறிந்த கடலையே அது வரைந்தது.

கெஸ்விக்கில் 1888-க்குள் ஏறத்தாழ எழுபது ஆடவர் வகுப்புக்கு வந்தனர். தட்டுகள், சட்டங்கள், கிண்ணங்கள் விற்பனையாயின. கண்காட்சிகளில் பரிசுகள் கிடைத்தன. பங்கு மண்டபம் இடம் கொள்ளவில்லை. 1894-இல் கிரெட்டா ஆற்றங்கரையில், லங்காஸ்டர் நகரின் பேலி, ஆஸ்டின் ஆகிய கட்டடக் கலைஞர்கள் வரைந்த திட்டப்படி பள்ளிக்கெனத் தனிக் கட்டடம் எழுந்தது.

ஊதியப் பணியாளர் வருகை

வளர்ச்சி மகிழ்ச்சியைத் தந்தது. கூடவே புதிய கேள்விகளையும் தந்தது. எழுபது பேருக்கு மேற்பட்டோரை மாலை நேரத் தொண்டு ஒன்றைக் கொண்டே நடத்த இயலுமா? வாங்குவோர் குறித்த நாளில் பொருளைக் கேட்கிறார்கள். தொண்டரோ தமக்கு இயன்ற நாளில்தான் வருவார். ஆகவே முழுநேர ஆசிரியர்கள் தேவைப்பட்டனர். 1898-இல் ஹரால்ட் ஸ்டாப்ளர் வந்தார். அருகிலுள்ள கெண்டல் நகரில் பயின்ற அவர், பின்னாளில் இலண்டன் சுரங்க இரயில் நிலையங்களுக்கான ஓடுகளை வடிவமைத்துப் புகழ்பெற்றார். 1900-இல் ஹெர்பர்ட் மேரியன் என்ற இளைஞர் இயக்குநராகப் பொறுப்பேற்றார். அவருக்கு அப்போது வயது 26.

இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. நிர்வாகக் குழுவினர் தொண்டர்கள்; பட்டறைத் தலைவரோ ஊதியம் பெறுபவர். குழுவினருக்குப் பள்ளி ஒரு சமூகப் பணி. பணியாளருக்கு அது கலையும் பிழைப்பும் ஆகும். வடிவத்தைத் தீர்மானிப்பது யார்? விலை குறிப்பது யார்? ஊராரின் பொழுதுபோக்கு முதன்மையா, பொருளின் தரம் முதன்மையா? இத்தகைய நிறுவனங்கள் அனைத்திலும் இக்கேள்விகள் எழாமல் இருந்ததில்லை. கெஸ்விக்கிலும் பிணக்குகள் தோன்றின. மேரியன் 1904-இல் பள்ளியை விட்டுச் சென்றார்.

ஒரு நியாயமான முறையீடு

தொண்டு செய்வோர்மீது எழுந்த ஒரு குற்றச்சாட்டையும் இங்கே மறைக்காமல் கூறவேண்டும். சி. ஆர். ஆஷ்பி என்பவர் 1888-இல் இலண்டனின் ஏழைப் பகுதியில் 'கைவினைக் கழகம்' ஒன்றை நிறுவினார். அங்கே உழைத்தவர்கள் ஊதியம் பெற்ற கைவினைஞர்கள். 1902-இல் தொழிலாளரும் குடும்பத்தாருமாக ஏறக்குறைய 150 பேர் சிப்பிங் காம்ப்டன் என்ற நாட்டுப்புற ஊருக்குக் குடிபெயர்ந்தனர். ஆறேழு ஆண்டுகளுக்குள் கழகம் கலைந்தது. அதற்குரிய காரணங்களை 1908-இல் வெளியிட்ட தம் நூலில் ஆராய்ந்த ஆஷ்பி, பொழுதுபோக்காகக் கலைப்பொருள் செய்யும் வசதி படைத்தோரின் போட்டியையும் அவற்றுள் ஒன்றாகக் குறித்தார்.

அவருடைய வாதம் எளியது. வீட்டுச் செலவுக்கு வேறு வருவாய் உள்ள ஒருவர், தாம் செய்த வெள்ளிக் கரண்டிக்கு உழைப்பின் கூலியைக் கணக்கிட வேண்டியதில்லை. வாடகையும் கணக்கிட வேண்டியதில்லை. குறைந்த விலைக்கு விற்பார். அக்கரண்டியைச் செய்தே பிள்ளைகளுக்கு உணவளிக்க வேண்டிய கன்னானோ அந்த விலைக்கு விற்றால் பட்டினி கிடப்பான். நல்லெண்ணத்தோடு செய்த வேலை அயலானின் கூலியைக் குறைத்துவிடலாம் என்பது கசப்பான உண்மை. இலவசமாகக் கொடுக்கப்படுவதன் செலவை எங்கோ ஒருவர் ஏற்கிறார் என்பதை நாம் மறக்கலாகாது.

இதற்காகத் தொண்டே வேண்டாம் என்று முடிவுசெய்வது பொருந்தாது. ஊதியம் பெற்ற கைவினைஞர்களின் கழகம் சுமார் இருபது ஆண்டுகள் நடந்தது. தொண்டில் பிறந்து, பின் ஊதியப் பணியாளரையும் ஏற்றுக்கொண்ட கெஸ்விக் பள்ளியோ நூறாண்டு நடந்தது. பிணக்குகள் இருந்தும் இரு சாராரும் ஒரே கூரையின்கீழ் இருக்கக் கற்றுக்கொண்டதே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்பது எங்கள் துணிபு. தொண்டர் தந்தது நேரம். பணியாளர் தந்தது தொடர்ச்சி. இரண்டில் ஒன்று குறைந்தாலும் பட்டறை நின்றிருக்கும்.

நூறாவது ஆண்டு

ஈடித் அம்மையார் 1916-இலும், ராண்ஸ்லி 1920-இலும் மறைந்தனர். பள்ளி மறையவில்லை. இரு உலகப் போர்களையும் அது கண்டது. 1930-களில் செம்பு, பித்தளை, வெள்ளி ஆகியவற்றோடு அக்காலத்தின் புதுப்பொருளான துருவேறா எஃகிலும் பொருள்கள் செய்யப்பட்டன. இறுதியில், பிற நிறுவனங்கள் நூற்றாண்டு விழாக் கொண்டாடும் வேளையில், 1984-இல், பள்ளி தன் கதவுகளை மூடியது.

எஞ்சியவை எவை? கிரெட்டா ஆற்றங்கரைக் கட்டடம் எஞ்சியது. கெஸ்விக் அருங்காட்சியகத்தில் பள்ளியின் பொருள்கள் எஞ்சின. நான்கு ஆண்டுகள் அங்குப் பணியாற்றிய மேரியனின் கைத்திறனும் எஞ்சியது. அவர் 1912-இல் வெளியிட்ட உலோக வேலை பற்றிய நூல் கைவினைஞர்களுக்குப் பாடநூலாயிற்று. 1944-இல், எழுபது வயதில், பிரித்தானிய அருங்காட்சியகம் அவரை அழைத்தது. சட்டன் ஹூ என்னும் இடத்தில் 1939-இல் மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட பண்டைய தலைக்கவசம் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. தகட்டை அடித்துப் பழகிய அவருடைய கைகளே அதை முதன்முதலாக ஒன்று சேர்த்தன. 1970–71-இல் மீண்டும் பிரித்துத் திருத்தி அமைக்கப்பட்ட போதிலும், முதல் முயற்சியின் பெருமை அவருக்கே உரியது.

பள்ளியின் பொருள்களில் சாய்சதுரக் கட்டத்துக்குள் 'கே.எஸ்.ஐ.ஏ.' என்ற நான்கு எழுத்து முத்திரை காணப்படும். அந்த முத்திரை ஒரு தட்டு எங்கே செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். அதை அடித்தவன் கடைக்காரனா, கூலியாளா, எத்தனை குளிர்கால இரவுகள் அவன் அதன்முன் குனிந்திருந்தான், அருகில் நின்று திருத்தியவர் யார் என்பதைச் சொல்லாது. முத்திரை நிறுவனத்துக்கு உரியது. உழைப்பு மனிதருக்கு உரியது.

ஆதலின் அன்பர்களே, பங்குகளிலும் சங்கங்களிலும் தையல் வகுப்போ, மாலைப் பள்ளியோ, பாடகர் குழுவோ நடத்துவோர், நன்கொடையாளர் பட்டியலோடு மற்றொரு பட்டியலையும் எழுதி வைப்பது நலம். திறவுகோல் யாரிடம் இருந்தது, வகுப்பு முடிந்தபின் பெருக்கியவர் யார், எவருக்கு எவ்வளவு ஊதியம் தரப்பட்டது, எவர் அதை வேண்டாம் என்றார் என்பன அதில் இடம் பெறட்டும். அந்தப் பட்டியலே ஒரு நிறுவனத்தின் மெய்யான வரலாறு. நினைவுள்ளோர் நம்மிடையே இருக்கும்போதே அது எழுதப்பட வேண்டும்.