உசும்பல்

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, திருநெல்வேலி நீதிமன்ற வராந்தாவில் கட்சிக்காரருக்காகக் காத்திருந்தேன். உள்ளிருந்து யாரோ விரலால் சுண்டியது போலிருந்தது. வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் சொன்னேன். "உசும்பிட்டா? இனி அது பிள்ளைதாம்ளா" என்றாள்.

ஆச்சிக்குச் சட்டம் தெரியாது. ஆனால் 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 312ஆம் பிரிவில், அவள் கிழித்த கோட்டையே கிழித்திருந்தது. கருவைக் கலைத்தால் 3 ஆண்டு வரை சிறை. பிள்ளை உசும்பிய பிறகென்றால் 7 ஆண்டு வரை. தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தில் செய்தால் மட்டும் குற்றமில்லை.

இந்தக் கோடு இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே அதற்கு 'க்விக்' என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் உயிருள்ளது என்று பொருள். தூக்குத் தண்டனை பெற்றவள் தான் கர்ப்பிணி என்றால், பெண்களையே ஜூரியாக அமர்த்தி அவள் வயிற்றைச் சோதிக்கச் சொல்வார்கள். அசைவு உண்டு என்று அவர்கள் சொன்னால் தூக்கு தள்ளிப்போகும். நீதிபதியும் வக்கீலும் ஆண்களாகவே இருந்த காலத்தில், பெண்கள் தீர்ப்புச் சொன்ன அபூர்வமான இடம் அது. அந்த வழக்கம் 1931 வரை இருந்தது.

1803ஆம் ஆண்டுச் சட்டம், அசைவு தெரிந்த பிறகு கலைத்தால் மரண தண்டனை என்றது. அசைவு என்பது தாய்க்குத் தெரியவரும் நேரம்தான், கருவுக்கு உயிர் அதற்கு முன்பே உண்டு என்று மருத்துவர்கள் வாதிட்டார்கள். 1837இல் இங்கிலாந்து அந்த வேறுபாட்டைக் கைவிட்டது. அங்கே கைவிட்டதை 23 ஆண்டுகள் கழித்து இங்கே எழுதிவைத்தார்கள்.

1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் வாரக் கணக்குக்கு மாறியது: முதலில் 20 வாரம், 2021 திருத்தத்துக்குப் பின் சிலருக்கு 24. அந்தச் சட்டம் பல பெண்களின் உயிரைக் காத்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் பழைய கோடு அழியவில்லை. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவிலும் அதே 3, அதே 7. உசும்பல் எது என்பதற்கு இன்றும் விளக்கம் இல்லை. சுமந்தவளைக் கேட்காமல் அதை யாரால் சொல்ல முடியும்?

முதல் பிள்ளை எனக்கு உசும்பியது 19ஆம் வாரத்தில். இரண்டாவது 16ஆம் வாரத்திலேயே. அந்தப் பிரிவின்படி இளையவனுக்கு மூன்று வாரம் முன்னதாகவே உயிர் வந்திருக்க வேண்டும். ஆச்சியிடம் கேட்டேன்.

"அவன் எப்பவும் போலத்தான் இருந்திருப்பான். உனக்குத்தான் இப்ப பழகிட்டு" என்றாள்.