மயில்கழுத்துப் புடவைக்கு இரண்டு ஜோசியர்கள்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோ. 2008-ல் ஒரு கல்யாண ஆல்பத்துக்காகப் போய் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் திரையில் மணப்பெண்ணின் பட்டு, மயில்கழுத்து நிறத்தில் தகதகவென்று இருக்கிறது. பிரிண்ட்டர் துப்பிய தாளில் அதே புடவை நீலம் மங்கி, ஊதா ஏறி, வேறு யாரோ வீட்டுப் புடவை. "தம்பி, இது எங்க பொண்ணு புடவையே இல்ல" என்றார் பெண்ணின் அம்மா. அது ஏழாவது தாள். மை விற்கிற விலையில் தம்பியின் அன்றைய லாபம் அதோடு காலி.

தப்பு யார் மேல்? யார் மேலும் இல்லை என்பதுதான் வேடிக்கை.

திரை பேசுவது ஒளியின் பாஷை. சிவப்பு, பச்சை, நீலம். மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. பிரிண்ட்டருக்கோ மைதான் தெரியும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. சேரச் சேர இருட்டு. நடுவில் நின்று மொழிபெயர்க்கிற ஆசாமிதான் டிரைவர். டாஸ் காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு பிரிண்ட்டருக்கும் தனித்தனி டிரைவர் வைத்துக்கொண்டு அல்லாடியது. 1984-ல் அடோபி, போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பொதுமொழியைக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே ஆப்பிளின் லேசர் ரைட்டர் அதைப் பேச ஆரம்பித்தது. ஆனால் அது கறுப்பு வெள்ளை மெஷின். கலருக்கு வந்தால்தானே சண்டை!

கலரும் வந்தது. 1990-ல் போட்டோஷாப். தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பியின் கைவேலை. அவரவர் கம்பெனி அவரவர் சிவப்பைச் சிவப்பு என்று சாதிக்க, 1993-ல் எட்டு நிறுவனங்கள் கூடி ஐ.சி.சி. என்ற அமைப்பை உண்டாக்கின. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு 'புரொஃபைல்' எழுதுவது என்று முடிவு. நம் ஊர் பாஷையில் ஜாதகம். திரையின் ஜாதகத்தையும் பிரிண்ட்டரின் ஜாதகத்தையும் வைத்துப் பொருத்தம் பார்த்து நிறத்தை மாற்றவேண்டும்.

நல்ல யோசனைதான். ஆனால் 1998-ல் வந்த போட்டோஷாப் 5.0, பழைய படங்களைத் திறந்தபோதே அதுவாக நிறத்தை மாற்றி வைத்து, அச்சுத் தொழில்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. 2010-ல் சி.எஸ்.5 வேறு மாதிரி. 'நிறத்தைத் தொடாமல் அப்படியே அச்சடி' என்கிற வசதியையே எடுத்துவிட்டார்கள். அது இல்லாமல் பிரிண்ட்டருக்குப் புது ஜாதகம் எப்படிக் கணிப்பது? அதற்கென்று தனியாக ஒரு குட்டி மென்பொருளை அடோபியே வெளியிட வேண்டியதாயிற்று.

நம்ம தம்பியின் கம்ப்யூட்டரில் நடந்தது என்ன? மென்பொருள் ஒருமுறை பொருத்தம் பார்த்து நிறத்தை மாற்றி அனுப்பியது. அது ஏற்கெனவே மாற்றியது என்று தெரியாத டிரைவர், தன் பங்குக்கு இன்னொரு முறை மாற்றிவிட்டது. ஒரே கல்யாணத்துக்கு இரண்டு ஜோசியர்!

டிரைவரின் செட்டிங்ஸில் நிறத் திருத்தத்தை மட்டும் அணைத்துவிட்டு எட்டாவது தாளைப் போட்டார் தம்பி. அம்மா பையிலிருந்து நிஜப் புடவையையே எடுத்துவிட்டார். டியூப்லைட்டை நம்பாமல், வாசல் வெயிலுக்குப் போய் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மயில்கழுத்து என்பது பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெசவாளி செய்கிற கண்கட்டு. புடவையை அசைத்தால் நிறம் மாறும். தாள் எங்கே அசையப்போகிறது?

"இப்ப பரவாயில்ல தம்பி. பார்டர்ல மட்டும் கொஞ்சம் பச்சை ஏத்து" என்றார்.

தம்பி ஒன்பதாவது தாளை எடுத்தார்.