புரத வடிவக் கணிப்பில் இயந்திரக் கற்றல்: தரவும் தேர்வும்

2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதி டேவிட் பேக்கருக்கும், மறுபாதி டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் சென்றது. பின்னவர் இருவரின் குழு உருவாக்கிய ஆல்ஃபாஃபோல்டு, ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் அதன் முப்பரிமாண வடிவத்தைக் கணித்துச் சொல்கிறது. செயற்கை நுண்ணறிவு ஒரே பாய்ச்சலில் எட்டிய வெற்றியாகவே இது பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் நரம்பியல் வலைப்பின்னல் இத்துறைக்குள் வந்து அப்போதே 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. இடைப்பட்ட காலத்தில் கணிப்பு எப்போதெல்லாம் மேம்பட்டது, எதனால் மேம்பட்டது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், பெரும்பாலான ஏற்றங்களுக்குக் காரணம் வலைப்பின்னலுக்கு ஊட்டப்பட்ட தகவல் மாறியதே என்பது புலப்படும். கடைசி ஏற்றம் மட்டும் இந்த விளக்கத்துக்குள் முழுதாக அடங்க மறுக்கிறது.

கேள்வியின் தோற்றம்

1960களின் தொடக்கத்தில் கிறிஸ்டியன் அன்ஃபின்சன், ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் மடிப்பை வேதிப்பொருள்களால் குலைத்து, பிறகு அப்பொருள்களை நீக்கிப் பார்த்தார். குலைந்த சங்கிலி தானாகவே மடிந்து மீண்டும் நொதியாக வேலை செய்தது. வடிவத்துக்கு வேண்டிய தகவல் வரிசைக்குள்ளேயே இருக்கிறது என்ற முடிவுக்கு இது இட்டுச்சென்றது. 1972இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. வரிசையில் வடிவம் அடங்கியிருக்கிறது என்றால், வரிசையைப் படித்தே வடிவத்தைச் சொல்லிவிட முடிய வேண்டும். அது எளிதல்ல என்பதை 1969இல் சைரஸ் லெவிந்தால் காட்டினார். ஒரு சங்கிலி எடுக்கக்கூடிய வடிவங்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பதென்றால் பிரபஞ்சத்தின் வயது போதாது. பல புரதங்களோ நொடிக்கும் குறைவான நேரத்தில் மடிந்துவிடுகின்றன.

சாத்தியமான வடிவங்களின் இந்தக் கடலின் எல்லையை முதலில் சுருக்கியது சென்னை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்ட கட்டுரை, சங்கிலியின் ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் சுழலக்கூடிய ஃபை, சை என்ற இரு கோணங்களை எடுத்துக்கொண்டது. அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் எந்தக் கோண இணைகள் சாத்தியம் என்று கணக்கிட்டு வரைந்தபோது, வரைபடத்தின் பெரும்பகுதி வெற்றிடமாக நின்றது. தூய வடிவியலின் வெற்றி என்றே இதைப் பாடநூல்கள் சொல்கின்றன. ஆனால் அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற அளவுகளை அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள்? அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள் ஆகியவற்றின் படிக அமைப்புகள் அதுவரை தந்திருந்த அளவுகளைத் திரட்டி எடுத்தார்கள். அந்த வடிவியலுக்கு அடியிலும் ஒரு தரவுத் தொகுப்பு இருந்தது.

அதே பத்தாண்டில் மார்கரெட் டேஹாஃப் 65 புரதங்களின் வரிசைகளைத் தொகுத்து 1965இல் நூலாக்கினார். 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் புரதத் தரவு வங்கி தொடங்கியபோது அதில் இருந்தவை 7 வடிவங்கள்.

64 விழுக்காட்டில் ஒரு சுவர்

முழு வடிவத்தைக் கணிப்பது எட்டாக்கனியாக இருந்ததால், ஆய்வாளர்கள் சிறிய கேள்வியிலிருந்து தொடங்கினர்: சங்கிலியின் இந்தப் பகுதி சுருளா, தகடா, இரண்டுமில்லாத வளைவா? பீட்டர் சூவும் ஜெரால்டு ஃபாஸ்மனும் 1974இல், வடிவம் தெரிந்த 15 புரதங்களில் எந்த அமினோ அமிலம் எங்கே மிகுதியாக வருகிறது என்று எண்ணி விதிகள் வகுத்தனர். கையாலேயே போட்டுவிடக்கூடிய கணக்கு என்பதால் முறை வேகமாகப் பரவியது. துல்லியமும் உயர்வாகவே சொல்லப்பட்டது. 1983இல் வுல்ஃப்காங் காப்ஷும் கிறிஸ் சாண்டரும் அப்போது புழக்கத்திலிருந்த மூன்று முறைகளை 62 புரதங்களில் ஓட்டிப் பார்த்தனர். எதுவும் 56 விழுக்காட்டைத் தாண்டவில்லை. சொன்ன துல்லியத்துக்கும் சோதித்த துல்லியத்துக்கும் இருந்த இந்த இடைவெளியைப் பின்னால் வரும் கதைக்காக நினைவில் கொள்ள வேண்டும்.

1988இல் நிங் சியானும் டெரன்ஸ் செஜ்னோவ்ஸ்கியும் நரம்பியல் வலைப்பின்னலைக் கொண்டுவந்தனர். ஆங்கில எழுத்துகளைப் படித்து உச்சரிப்பைச் சொல்லும் நெட்டாக் என்ற வலைப்பின்னலைச் செஜ்னோவ்ஸ்கி ஏற்கெனவே உருவாக்கியிருந்தார். எழுத்துகளின் இடத்தில் அமினோ அமிலங்களை வைத்து, ஒரு நேரத்தில் 13 இடங்கள் தெரியும் சாளரத்தைச் சங்கிலியின் மீது நகர்த்தினர். பயிற்சியில் இடம்பெற்றவற்றோடு உறவில்லாத புரதங்களில் கிடைத்தது 64.3 விழுக்காடு.

அந்த எண்ணைவிட அக்கட்டுரையின் முடிவுதான் முக்கியம் என்பது என் எண்ணம். அண்டை அமினோ அமிலங்களை மட்டும் பார்க்கும் எந்த முறையும் இதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலே போகாது என்று அவர்களே எழுதினர். சுவர் எழும்பியிருந்தது வலைப்பின்னலுக்குள் அல்ல, அதற்குக் கொடுத்த தகவலுக்குள். புதிய முறையை அறிமுகப்படுத்துகிறவர்கள் அதன் எல்லையையும் அதே மூச்சில் சொல்வது எந்தக் காலத்திலும் அரிது.

உறவுப் புரதங்களின் சாட்சியம்

சுவரை உடைத்தது பரிணாமம். ஒரே மூதாதையிலிருந்து வந்த புரதங்களின் வரிசை மாறினாலும் வடிவம் பெரிதும் மாறுவதில்லை. அவற்றின் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், எந்த இடம் மாறாமல் நிற்கிறது, எங்கே எந்த மாற்றம் பொறுக்கப்படுகிறது என்பது தெரியும். பர்கார்டு ராஸ்டும் சாண்டரும் 1993இல் தனி வரிசைக்குப் பதிலாக இந்த அடுக்கை வலைப்பின்னலுக்கு ஊட்ட, துல்லியம் 70 விழுக்காட்டைக் கடந்தது. 1999இல் டேவிட் ஜோன்ஸ், தொலைதூர உறவுகளையும் தேடிப் பிடிக்கும் புதிய கருவியின் விளைவுகளை ஊட்டி 76க்கு மேலே கொண்டுபோனார். வலைப்பின்னல் அப்போதும் எளியதுதான்.

அந்த அடுக்குக்குள் இன்னொரு செய்தியும் இருந்தது. மடிந்த புரதத்தில் அருகருகே இருக்கும் இரு அமினோ அமிலங்களில் ஒன்று பெரிதானால், மற்றது சிறிதாகி ஈடுகட்டலாம். அப்படிச் சேர்ந்து மாறும் இடங்களைக் கண்டுபிடித்தால் எதற்கு எது அண்டை என்று தெரிந்துவிடும். 1994இலேயே சாண்டரின் குழு இதை முயன்றது. சிக்கல் என்னவென்றால், ஒன்றும் இரண்டும் சேர்ந்து மாற, இரண்டும் மூன்றும் சேர்ந்து மாற, தொடவே தொடாத ஒன்றும் மூன்றும் சேர்ந்து மாறுவதுபோலத் தெரியும். நேரடி உறவையும் கடன்வாங்கிய உறவையும் பிரிக்கும் வழி, 2009இல் மார்ட்டின் வைக்டும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரையில் புள்ளியியல் இயற்பியலிலிருந்து வந்தது. 2011இல் அம்முறை பல புரதக் குடும்பங்களில் நிலைநாட்டப்பட்டது. இதற்குக் குடும்பத்துக்கு ஆயிரக்கணக்கான வரிசைகள் வேண்டும். மரபணுத்தொகை வரிசைப்படுத்தலின் விலை சரிந்த பிறகே அவை கிடைத்தன. கணிதம் முன்னரே கைக்கு வந்திருந்தாலும் 1994இல் பெரிய பலன் இருந்திருக்காது.

அதன்பின் ஆழ்கற்றலின் முறை வந்தது. சிகாகோவில் ஜின்போ சூவின் குழு, எந்த அமினோ அமிலம் எதைத் தொடுகிறது என்ற அட்டவணையை ஒரு படம்போலக் கருதி, படங்களை அடையாளம் காணும் ஆழ்ந்த வலைப்பின்னலை அதன்மீது ஓட்டியது. 2016, 2017இல் வெளிவந்த அதன் முடிவுகள் அடுத்து வந்த எல்லாக் குழுக்களுக்கும் பாதை போட்டன.

விடை தெரியாத தேர்வு

ஜான் மோல்ட்டும் அவர் தோழர்களும் 1994இல் தொடங்கிய காஸ்ப் என்ற போட்டி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது. சோதனைச்சாலையில் வடிவம் கண்டறியப்பட்டு இன்னும் வெளியிடப்படாத புரதங்களின் வரிசை மட்டும் போட்டியாளர்களுக்குத் தரப்படும். விடை அவர்களுக்குத் தெரியாது. திருத்துகிறவர்களுக்கு எந்த விடைத்தாள் யாருடையது என்று தெரியாது. 1983இல் வெளிப்பட்ட இடைவெளிக்கு இத்துறை தனக்குத்தானே போட்டுக்கொண்ட கடிவாளம் இது. இயந்திரக் கற்றலைக் கையாளும் வேறு பல அறிவியல் துறைகளில் இப்படிப்பட்ட தேர்வு இன்றும் இல்லை.

2018இல் டீப்மைண்ட் நிறுவனம் இத்தேர்வில் முதன்முறையாகக் கலந்துகொண்டு முன்னணி பெற்றது. அந்த முதல் ஆல்ஃபாஃபோல்டு, ஜின்போ சூவின் பாதையில் ஓரடி முன்வைத்தது: தொடுகிறதா இல்லையா என்பதற்குப் பதிலாக எவ்வளவு தூரம் என்று கணித்தது. அத்தூரங்களுக்குப் பொருந்தும் வடிவத்தைத் தேட அது படிப்படியாகத் திருத்திச் சென்ற மாறிகள், சென்னை வரைபடத்தின் அதே ஃபை, சை கோணங்கள்.

2020இல் வந்த இரண்டாவது ஆல்ஃபாஃபோல்டுதான் என் விளக்கத்துக்கு இடைஞ்சல். காஸ்ப் தேர்வில் நூறு மதிப்பெண்ணுக்கு அதன் இடைநிலை மதிப்பு 92.4, சோதனையில் கண்டறிந்த வடிவத்துக்கு இணை என்று கருதப்படும் எல்லையான 90ஐத் தாண்டியது. டூபிங்கனில் ஆண்ட்ரே லூபாஸின் குழுவைப் பத்தாண்டுகளாக அலைக்கழித்த ஒரு புரதத்தின் எக்ஸ்-கதிர்த் தரவு, இக்கணிப்பை வைத்துப் பார்த்ததும் விடுபட்டது. பயிற்சிக்கு எடுத்த ஏறத்தாழ 1,70,000 வடிவங்கள் பொதுத் தரவு வங்கியிலிருந்தவை. வரிசைகளும் யாரும் இறக்கிக்கொள்ளக்கூடியவை. அதே தரவு எல்லாக் குழுக்களிடமும் இருந்தது. எனவே இங்கே வலைப்பின்னலின் கட்டமைப்புக்கே பெருமை சேர வேண்டும். வரிசை அடுக்கும் இணைத் தூரங்களும் ஒன்றையொன்று திரும்பத் திரும்பத் திருத்திக்கொள்கின்றன. மூன்று புள்ளிகளுக்கிடையிலான தூரங்கள் முக்கோணமாகப் பொருந்த வேண்டும் என்ற வடிவியல் அதன் உள்ளமைப்பிலேயே இருக்கிறது. அணுக்களின் இடம்வரை ஒரே ஓட்டத்தில் போகிறது. தொலைவில் நின்று பார்த்த விவரத்தைக் கொண்டே பேக்கரின் குழு சில மாதங்களில் தன் சொந்த வலைப்பின்னலை ஏறக்குறைய அதே உயரத்துக்குக் கொண்டுவந்தது என்பதும் கட்டமைப்பின் பங்கையே உறுதி செய்கிறது. பணமும் கணினி வலிமையும் ஒரு நிறுவனத்திடம் குவிந்திருந்ததைக் கணக்கில் சேர்க்காமலும் இருக்க முடியாது.

இருந்தும் தரவின் பிடி தளர்ந்துவிடவில்லை. 2021 ஜூலையில் வெளியான மனிதப் புரதங்களின் கணிப்பு அவற்றில் 98.5 விழுக்காட்டை உள்ளடக்கியது. ஆனால் நம்பகமாகக் கணிக்கப்பட்டவை மொத்த அமினோ அமிலங்களில் 58 விழுக்காடு மட்டுமே. எஞ்சியவற்றில் கணிசமான பகுதி நிலையான வடிவமே இல்லாதது. அங்கே குறைந்த மதிப்பெண்ணும் ஒரு தகவல்தான். சங்கிலி எந்த வழியில் மடிகிறது என்ற லெவிந்தாலின் கேள்வியை இக்கருவி தொடவேயில்லை. இறுதி வடிவத்தைச் சொல்கிறது, வழியைச் சொல்வதில்லை.

ஆல்ஃபாஃபோல்டு கட்டுரையே ஓர் எல்லையைக் குறிக்கிறது. அடுக்கில் உறவு வரிசைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 30க்குக் கீழே போனால் துல்லியம் வெகுவாக விழுகிறது. வரிசை அடுக்கே வேண்டாம் என்று மொழி மாதிரியைக் கொண்டு 2022இல் மெட்டா நிறுவனம் உருவாக்கிய ஈஎஸ்எம்ஃபோல்டும், பயிற்சியில் உறவினரைக் காணாத புரதங்களில் தடுமாறவே செய்கிறது.